மஞ்சளுக்கு எதிரே முப்பது கிராம்

தேவராஜ் இறந்த செய்தி வந்தபோது நான் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் அலாய் சக்கரத்தின் வெளிப்பக்கத்தில், ஊரே பார்க்கிற இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வெயிட் துண்டு ஒட்டியிருந்தது. கார்க்காரர் அதைக் காட்டி, "இன்னா பாய் இது, மூஞ்சில பிளாஸ்திரி போட்டா மாதிரி" என்று கேட்டார். இரண்டு நாள் முன்பு தேவராஜ் ஒட்டியது. ஒட்டிவிட்டு, நெஞ்சில் வாயு பிடித்திருக்கிறது என்று லீவு போட்டுவிட்டான். "அவன் வரட்டும் சார், கேக்கறேன்" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவன் தம்பி சாலமன். "பாய், அண்ணன் பூட்டாரு" என்றான். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நான் போனை வைத்துவிட்டுக் கார்க்காரரிடம், "அவன் வரமாட்டான் சார்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை இந்தச் சாலையில் டயர் கடை வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தேவராஜைத் தெரியும். உங்களில் பாதிப் பேரோடு அவன் சண்டை போட்டிருக்கிறான். பார்ட்னர் என்பதால் நம் சங்கத்து மலரில் நான்தான் அவனைப் பற்றி எழுத வேண்டும் என்றீர்கள். 'அவர்' என்று போட்டு இரண்டு வரி எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அதிர்ந்து பேசாதவர், பண்பாளர் என்றெல்லாம் இப்படிப்பட்ட கட்டுரைகளில் எழுதுவார்கள். தேவராஜ் அதிர்ந்துதான் பேசுவான். கம்ப்ரஸர் ஓடும்போதும் அவன் குரல்தான் மேலே கேட்கும்.

நான் பழவேற்காட்டுக்காரன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வியாபாரம்தான் தெரியும், கையில் கிரீஸ் பட்டவர் யாருமில்லை. இடமும் முதலும் என்னுடையது, வேலை அவனுடையது என்று பேசி ஆரம்பித்த கடை இது. கல்லாவில் நான், மிஷின் பக்கம் அவன். கடைக்கு வாயும் அவனுடையதாகத்தான் இருக்கும் என்று அப்போது யாரும் என்னை எச்சரிக்கவில்லை.

நம் தொழிலில் இல்லாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எந்தச் சக்கரமும் சுற்றிலும் ஒரே கனமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் வேகத்தில் ஸ்டியரிங் ஆடும். சக்கரத்தைக் கழற்றி மிஷினில் சுற்றவிட்டால், எந்த இடத்தில் எத்தனை கிராம் வைக்க வேண்டும் என்று அது காட்டும். கனமான பக்கத்துக்கு நேர் எதிரே வைக்க வேண்டும், அவ்வளவுதான். சாதா ரிம்முக்கு விளிம்பில் தட்டி மாட்டுகிற வெயிட், அலாய்க்கு ஒட்டுகிற வெயிட். உள்பக்கம் ஒட்டுவது யார் கண்ணிலும் படாது. வெளிப்பக்கத்துக்கு வேண்டியதை எங்கே ஒட்டுவது என்பதில்தான் என் பாதி ஆயுள் போயிற்று.

ஸ்போக்ஸ், அதாவது ரிம்மின் ஆரக்கால்களுக்குப் பின்னால் மறைத்து ஒட்டலாம். மிஷினிலேயே அதற்கு வழி இருக்கிறது. தேவராஜுக்கும் அது தெரியும். ஆனால் பின்னால் இடம் போதாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டால், ஒரு வார்த்தை கேட்காமல் முன்பக்கம் ஒட்டிவிடுவான். கல்யாணத்துக்குப் புது அலாய் போட்டுக்கொண்டு வந்த ஒரு மாப்பிள்ளை, வெளியே ஒன்றும் தெரியக் கூடாது, எல்லாவற்றையும் உள்ளேயே ஒட்டிவிடுங்கள் என்றார். "ஒரு கால்ல செருப்பு போட்டுக்கினு மணவறைல ஏறுவியா நைனா?" என்று கேட்டான் இவன். மாப்பிள்ளை முகம் சிவந்து, சக்கரத்தை மாட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு, எதிரே புதிதாகத் திறந்திருந்த, கண்ணாடிச் சுவர் வைத்த டயர் கடைக்குப் போனார். அங்கே ஏசி உண்டு, காபி உண்டு, வாடிக்கையாளரைச் செருப்போடு சேர்த்துப் பேசுகிற ஆள் கிடையாது. நான் கத்தினேன். அவன் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, "பாக்கறதுக்கு வண்டி வாங்கனவன் ஊட்லயே நிறுத்தி பாத்துக்கினு இருக்கட்டும்" என்றான்.

சரி, அவன் வைத்த இடமெல்லாம் சரியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒருமுறை என் தொல்லை தாங்காமல் ஒரு காருக்குப் பின்னால் மறைத்து ஒட்டினான். அந்தக் காரில் பிரேக்கைப் பிடிக்கிற கேலிப்பர் பெரியது. சக்கரம் சுற்றும்போது கேலிப்பரில் வெயிட் உரசி, வண்டி ஆந்திர எல்லையைத் தொடுவதற்குள் பிய்ந்து போய்விட்டது. டிரைவர் திரும்பி வந்து, உரசிய தடத்தைக் காட்டினார். விரலை விட்டு இடைவெளி பார்த்திருக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். தேவராஜ் குனிந்து கேலிப்பரை ரொம்ப நேரம் பார்த்தான். "கம்பெனிக்காரன் இத்த இவ்ளோ பெருசா பண்ணி வெச்சிக்கிறான், நான் இன்னா பண்ணுவேன்?" என்றான். எங்கள் பழக்கம் முழுவதிலும் அவன் வாயிலிருந்து 'என் தப்பு' என்ற வார்த்தை ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அதற்கு முன் அவனுடைய இன்னொரு தொல்லையைச் சொல்ல வேண்டும். வெயிட் ஒட்டி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் எல்லோரும் வண்டியைக் கொடுத்துவிடுவோம். அவன் கொடுக்கமாட்டான். தானே ஏறி ஓட்டுவான், உரிமையாளரைப் பின்னால் உட்காரச் சொல்வான். முன் சீட்டில் அவருடைய மனைவியோ அம்மாவோ உட்கார வேண்டும். "ஓட்டறவன்கிட்ட கேக்கக் கூடாது பாய். அவனுக்கு ஆட்டம் பழகிப் போயிருக்கும். பக்கத்துல குந்திக்கினு வர்றவங்களுக்குத்தான் தெரியும்" என்பான். சாலையில் வேகம் எடுத்து, "ஆடுதாம்மா?" என்று அந்த அம்மாவிடம் கேட்பான். ஆடுகிறது என்று அவர்கள் சொல்லிவிட்டால் மறுபடி கழற்றுவான். புருஷன்மார்களுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தன் வண்டி ஆடுகிறது என்று தன் மனைவி சொல்லி, அதை ஒரு மெக்கானிக் நம்பி, தான் பின் சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது. இதில் மட்டும் எத்தனை வாடிக்கை போயிற்று என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

கண்ணாடிக் கடை வந்த பிறகு நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கம்பெனிப் பெயர் வேண்டாம். அவர் பொறுப்பில் வேன், கார் எல்லாம் சேர்த்து நிறைய வண்டிகள். முதலில் என் சொந்த வண்டியைக் கொண்டுவருகிறேன், வேலை பிடித்திருந்தால் மொத்தமும் உங்களுக்கு, வருஷக் கான்ட்ராக்ட் என்றார். அது கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு நான் பழவேற்காட்டில் என் அண்ணன் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். தேவராஜ் எங்கே போவான் என்பதை நான் அவனிடம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவர் வருவதாகச் சொன்ன நாள் காலையில் அவனிடம் காலில் விழாத குறையாகச் சொன்னேன்: "தேவராஜ், இன்னிக்கி ஒரு நாளைக்கி வாயத் தொறக்காத. வெயிட்ட மறைச்சி ஒட்டு. போதும்."

அதிகாரி தன் அம்மாவோடு வந்தார். புது வண்டி. கொஞ்ச நாளாக ஸ்டியரிங் ஆடுகிறதாம், வாங்கின இடத்தில் கழற்றிப் பார்க்காமலே ஒன்றுமில்லை என்றுவிட்டார்களாம். அவரை என் கல்லாப் பக்கம் உட்கார வைத்து டீ சொன்னேன். அவர் போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மட்டும் எழுந்து மிஷின் பக்கம் போய் நின்றார்கள். தேவராஜ் முன் இடது சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு அவர்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காதே என்றால் திறந்துகொண்டு நிற்கிறானே என்று எனக்கு எரிந்தது. அதிகாரி திரும்பிப் பார்த்து, "ஏம்மா அங்க நிக்கற? உனக்கு இன்னா தெரியும்? வந்து குந்து" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார்கள். வந்ததிலிருந்து அவர் அப்படிச் சத்தம் போட்டது மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ.

தேவராஜ் வெயிட்டை அழகாக மறைத்து ஒட்டினான். வழக்கம்போல் அந்த அம்மாவை முன்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனான். பின் சீட்டில் அதிகாரி. திரும்பி வந்தபோது அதிகாரி சிரித்துக்கொண்டே இறங்கினார். "வெண்ணெய் மாதிரி ஓடுது பாய். அடுத்த மாசத்துலேந்து எல்லா வண்டியும் அனுப்பறேன்" என்றார். அன்று நான் தேவராஜுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே வானத்தைப் பார்த்து, "மழை எப்ப பாய் வரும்?" என்று கேட்டான். எதற்கு என்றேன். சும்மாதான் என்றான்.

மழை அடுத்த வாரமே வந்தது. நான்கு நாள் விடாமல் அடித்தது. மழை விட்ட மறுநாள் அதிகாரி வந்தார். காரை நிறுத்தின விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. முன்னைவிட அதிகமாக ஆடுகிறதாம். தேவராஜ் நேராகப் போய் முன் இடது சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே விரலை விட்டுத் தடவினான், விரலைப் பார்த்தான், பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். ஒட்டியிருந்த வெயிட்டைப் பிடுங்கிவிட்டு, சுற்றவிட்டு, வேறு இடத்தில் சின்னதாக ஒன்றை ஒட்டினான். "அப்போ முன்ன வெச்ச எடம் தப்பா?" என்று அதிகாரி கேட்டார். கம்பெனிக்காரனைத் திட்டப் போகிறான், ரோட்டைத் திட்டப் போகிறான் என்று நினைத்தேன். தேவராஜ் அவர் முகத்தைப் பார்த்து, "ஆமா சார். எடம் மாத்தி வெச்சிட்டேன். என் தப்பு" என்றான்.

அதிகாரி அவனை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். ஒரு சக்கரத்தில் ஒரு வெயிட்டை ஒழுங்காக வைக்கத் தெரியாத கடையை நம்பி எப்படி வேனில் ஆட்களை ஏற்றி அனுப்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மாதத்திலிருந்து கம்பெனி வண்டிகள் எங்கள் கடையைத் தாண்டி எதிரே இருந்த கண்ணாடிக் கடைக்குள் திரும்புவதை நான் கல்லாவில் உட்கார்ந்தபடி பார்த்தேன்.

அன்று நான் அவனை உலுக்கி எடுத்தேன். "ஏண்டா அப்டி சொன்ன? பொறந்ததுலேந்து ஒத்துக்காதவன், அந்தாள் முன்னாடிதான் ஒத்துக்குவியா?" என்றேன்.

"தப்புன்னா தப்புதான் பாய்" என்றான்.

"உன் கை எடம் மாத்தி வெக்காது. எனக்குத் தெரியும்."

"வெச்சிட்டேன். உடு, பேஜாரு பண்ணாத. நாஷ்டா துன்னியா?"

அதற்கு மேல் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் விடவில்லை, அவன் சாகும்வரை. யார் விடுவார்கள்? ஆட்களைக் குறைத்தோம். ஏசி போட வைத்திருந்த எண்ணத்தை விட்டோம். கோபம் வரும்போதெல்லாம் "எடம் மாத்தி வெச்சவன்" என்பேன். சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

அவனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்த அன்று நம் சாலைக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். எல்லோரும் கலைந்த பிறகு, வாசலில் ஒரு வயதான அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார்கள். உங்களில் சிலர் அவன் சொந்தம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த அதிகாரியின் அம்மா. பஸ் பிடித்து வந்திருந்தார்கள். "என்னத் தெரியுதா பாய்?" என்று கேட்டுவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்கள்.

பழைய காரில் போகும்போது முன் இடது டயர் வெடித்து அவர்கள் மகன் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்திருக்கிறார். மகன் பிழைத்தால் போதும் என்று பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்றி வந்திருக்கிறார்கள். புது வண்டி வாங்கியதும், கோயிலிலிருந்து கொண்டுவந்த மஞ்சளைக் கை நிறையக் குழைத்து, அந்த முன் இடது சக்கரத்துக்கு உள்ளே, மகன் கண்ணில் படாத இடத்தில் அப்பிவிட்டார்கள். அது காய்ந்து கல்லாகிப்போயிற்று. வண்டி ஆடியது அதனால்தான்.

"உங்க ஆளு சக்கரத்த கழட்டினதும் பாத்துட்டாருப்பா. இத்த தொடைக்கணுமேம்மான்னாரு. தொடைக்காதப்பா, அது இருக்கங்காட்டியும்தான் எனக்கு ராவுல தூக்கம் வருதுன்னேன். சரிம்மா, அதுபாட்டுக்கு இருக்கட்டும், அதுக்கு எதிர்ல முப்பது கிராம் வெச்சிடறேன், சரியாப் பூடும்னாரு. மழை வந்தா மஞ்சள் கரைஞ்சிடும், அப்ப இந்த வெயிட்டே வண்டிய ஆட்டும், உடனே வண்டிய அனுப்புங்க, மாத்தித் தரேன்னாரு. நான் எப்டி பாய் அனுப்பறது? எம்புள்ளகிட்ட இன்னான்னு சொல்றது? மஞ்சள்னு சொன்னா என்ன ஊட்ட உட்டே தொரத்துவான். மழை பேஞ்சுக்கினே இருந்திச்சு, நான் சொல்லாமலே இருந்துட்டேன். அப்புறம் அவன்தான் வந்து சொன்னான், அந்தாளே ஒத்துக்கினான், எடம் மாத்தி வெச்சிட்டானாம்னு."

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். மண் ஈரம் காயாத குழியைப் பார்த்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. சக்கரத்தில் தூசி இருந்தால்கூட வெயிட் ஒட்டமாட்டான். துடைக்காமல் ஒட்டுகிறவர்களை என்ன வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டுவான் என்று உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் ஒரு பிடி மஞ்சளைச் சேர்த்து எடைபோட்டு அதற்கு எதிரே வெயிட் வைத்திருக்கிறான். அதுவும் மழைக்காலம் தலைக்கு மேல் நிற்கும்போது. சரி, வைத்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? மழை பிடித்த அன்றே நான் அந்த அதிகாரிக்கு போன் போட்டு, ஃப்ரீ செக்கப் சார், வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டிருப்பேன். மஞ்சள் பேச்சே வந்திருக்காது. வண்டியும் ஆடியிருக்காது, கான்ட்ராக்ட்டும் போயிருக்காது. இவ்வளவு சுலபமான வழி. அவன் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். "பாய்கிட்ட சொல்லாதீங்கம்மா, அவரு வாய்ல நிக்காது. யாவாரத்துக்கு நல்லதுன்னு உங்க புள்ளகிட்ட சொல்லிடுவாருன்னாரு" என்றார்கள்.

இதை எழுதலாமா என்று பிறகு அவர்களுக்கு போன் செய்து கேட்டேன். "எழுதுங்க பாய். எம்புள்ள போன்ல கிரிக்கெட்டு பாப்பானே தவிர படிக்க மாட்டான்" என்றார்கள். இருந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விஷயங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள்.

அன்று வாசலில் கடைசியாக நடந்தது இது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே எம்புள்ளகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன் பாய். திட்டினா திட்டிக்கினு போறான். இன்னும் அவன்தான் அந்த வண்டிங்களப் பாக்கறான். உங்க கடைக்கே அனுப்பச் சொல்றேன்" என்றார்கள்.

நான் வியாபாரி. அடுத்த நொடியே மனதுக்குள் கணக்கு ஓடிவிட்டது. வேன்கள் வரிசையாக வந்து நிற்பதுகூடத் தெரிந்தது. அம்மாவின் கை, புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தது. அன்று கடையில் மகன் சத்தம் போட்டதும் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. சொல்லுங்கள் அம்மா, நல்லது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேணாம்மா. சொல்லாதீங்க" என்றேன்.

அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. அதே கான்ட்ராக்ட் இரண்டாம் தடவையும் போயிற்று. இந்தத் தடவை விட்டவன் நான். தேவராஜிடமிருந்து உனக்கு என்ன மிச்சம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஒரு 'வேணாம்மா' தான். கடையைக் காப்பாற்ற அது ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. பாழாய்ப் போனவன், அதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.